கறுப்பு டி-ஷர்ட்டும் பத்துப் பாட்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆணி அதிகம். (எல்லாரும் சொல்றதுதான், நான் மட்டும் புதுசா என்னத்த சொல்லிடப் போறேன்?) ஒரு இசைத்தட்டைப் பத்தி எழுதணும்னு ரெண்டு மூணு வருஷமா நினைச்சுட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பத்தி தட்டிட்டு அழிச்சுடுவேன். இன்னிக்கு எப்படியும் முடிச்சுடறதுன்னு காபியோட உக்காந்திருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் திட்டக்கூடாது.

முதல்ல டி-ஷர்ட். காலேஜ் கடைசி வருஷம் 250 ரூபாய்க்கு வாங்கினது. கறுப்புத் துணியில வெள்ளைக் கோடுகள், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. நடுவுல மட்டும் மலை மலையா எழும்பி இறங்கும். எழுத்து ஒண்ணும் கிடையாது. பாக்க அம்சமா இருந்துச்சு, வாங்கிட்டேன், அவ்வளவுதான். எங்க டீக்கடை அண்ணாச்சி ஒரு நாள் "என்ன தம்பி, குற்றாலம் மலையா?"ன்னு கேட்டார். நானும் ஆமான்னு தலையாட்டி வெச்சேன்.

வேலைக்குச் சேந்த புதுசுல ஆபீஸ் லிஃப்ட்ல ஒரு சீனியர் அந்தச் சட்டையப் பாத்துட்டு, "ஜாய் டிவிஷன் கேப்பீங்களா?"ன்னார். "ம்ம், பிடிக்கும் சார்"னு சொல்லிட்டேன். எந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்னு அடுத்த கேள்வி வர்றதுக்குள்ள நாலாவது மாடி வந்துருச்சு, தப்பிச்சேன். வீட்டுக்குப் போய்த்தான் தேடினேன். இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கத்து ராக் குழு. 1979 ஜூன்ல வந்த அவங்களோட முதல் ஆல்பம் 'அன்னோன் பிளஷர்ஸ்'. என் நெஞ்சுல நான் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சது அதோட அட்டைப்படம். பத்துப் பாட்டு, நாற்பது நிமிஷம்கூட இல்லை.

சரி, அந்தக் கோடுகள் என்னன்னு பாத்தா, மலையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு நட்சத்திரத்தோட நாடித்துடிப்பு! 1967ல ஜோசலின் பெல்னு ஒரு ஆராய்ச்சி மாணவி கேம்பிரிட்ஜ்ல இருந்து முதன்முதலா கண்டுபிடிச்ச பல்சர். 1.337 வினாடிக்கு ஒரு தடவை ரேடியோ அலையில துடிக்கும், பிசகவே பிசகாது. (அந்தக் கண்டுபிடிப்புக்கு 1974ல நோபல் பரிசு அவங்க வழிகாட்டிக்குப் போச்சு, அவங்களுக்கு இல்லை. அது தனிப் பதிவுக்கான ஆத்திரம்.) அந்தத் துடிப்புகளை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கி வரைஞ்ச படத்தை ஹெரால்ட் கிராஃப்ட்னு ஒருத்தர் 1970ல தன்னோட ஆய்வேட்டுக்காகத் தயார் பண்ணினார். அது அப்படியே கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியத்துக்குப் போச்சு. அங்கேயிருந்து குழுவுல ஒருத்தர் கண்ணுல பட்டுச்சு. பீட்டர் சாவில்ங்கற வடிவமைப்பாளர் வெள்ளையில கறுப்பா இருந்ததைக் கறுப்புல வெள்ளையா திருப்பிப் போட்டார். முன் அட்டையில குழுவோட பேரும் இல்லை, ஆல்பத்தோட பேரும் இல்லை. நம்ம ஊர்ல கேசட் அட்டையில தயாரிப்பாளரோட மச்சான் பேரு வரைக்கும் போட்டுப் பாத்துப் பழகின கண்ணுக்கு, அது பெரிய திமிரா தெரிஞ்சுது.

2012ல டிஸ்னி கம்பெனி இதே கோடுகளை மிக்கி மவுஸ் தலை வடிவத்துல டி-ஷர்ட்டாப் போட்டு வித்துட்டு, சர்ச்சை கிளம்பினதும் வாபஸ் வாங்கிக்கிச்சு. ஆக, தெரியாம சட்டை போட்டவன் நான் ஒருத்தன் மட்டும் இல்லைங்கறது ஒரு ஆறுதல் :-)

இப்ப பாட்டு. உண்மையச் சொன்னா முதல் தடவை கேட்டப்ப அஞ்சாவது பாட்டுலயே தூங்கிட்டேன். குரல் ஏதோ கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. கிட்டார் எங்கேயோ தூரத்துல. டிரம்ஸ் ஒவ்வொரு அடியும் தனித்தனியா, காலி குடோன்ல யாரோ தகர டப்பாவைத் தட்டுற மாதிரி. ஆனா பேஸ் கிட்டார் மட்டும் காதை விட்டுப் போகலை. ராஜா பாட்டுல பின்னாடி பேஸ் என்ன பண்ணுதுன்னு தேடித் தேடிக் கேக்குற வியாதி உள்ளவங்களுக்கு நான் சொல்றது புரியும். இந்த ஆல்பத்துல பேஸ்தான் மெட்டைப் பாடுது. காரணம் தெரிஞ்சப்ப சிரிப்பு வந்துச்சு. பேஸ் வாசிச்ச பீட்டர் ஹூக்கோட ஆம்ப்ளிஃபயர் படு மட்டம். கீழ் ஸ்தாயியில வாசிச்சா மத்தவங்க சத்தத்துல அவருக்கே கேக்காதாம். சரின்னு மேல ஏறி வாசிக்க ஆரம்பிச்சார், அதுவே ஒரு பாணி ஆயிருச்சு. ஓட்டை ஹார்டுவேரை வெச்சு ஒப்பேத்தினது கடைசியில ஃபீச்சரா ஆன கதை. நம்ம ஆளுங்களுக்குச் சொல்லணுமா என்ன?

இவங்க ஆரம்பிச்ச கதையும் அப்படித்தான். 1976 ஜூன் 4ஆம் தேதி மான்செஸ்டர்ல ஒரு சின்ன அரங்குல செக்ஸ் பிஸ்டல்ஸ் கச்சேரி. வந்திருந்தது சில பத்துப் பேர். அதுல ஹூக்கும் அவரோட பள்ளித்தோழர் பெர்னார்ட் சம்னரும் இருந்தாங்க. 'இவ்வளவுதானா, இது நம்மளாலயும் முடியுமே'ன்னு தோணியிருக்கு. மறுநாளே ஹூக் பேஸ் கிட்டார் வாங்கிட்டார், வாசிக்கத் தெரியாமலேயே. அப்புறம் பாட இயன் கர்ட்டிஸ் வந்தார், டிரம்ஸுக்கு ஸ்டீஃபன் மாரிஸ். ஜாய் டிவிஷன்ங்கற பேரு, நாஜி முகாம்கள்ல பெண்களை அடைச்சு வெச்சிருந்த பகுதியைப் பத்தின ஒரு நாவல்ல இருந்து எடுத்தது. அந்தப் பேரு எனக்கு இன்னிக்கும் உறுத்துது. இருபது வயசுப் பசங்களோட அதிர்ச்சி கொடுக்கற ஆசைன்னு சமாதானம் சொல்லிக்கலாம், சொல்லிக்கிட்டாலும் உறுத்துது.

பெரிய கம்பெனி எதுவும் பின்னாடி இல்லை. உள்ளூர் டிவியில செய்தியாளரா இருந்த டோனி வில்சன் கைக்காசைப் போட்டு நடத்தின 'ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்'தான் வெளியிட்டது. லாபத்துல பாதி குழுவுக்கு, பாதி கம்பெனிக்கு. பாட்டோட உரிமை பாடினவங்களுக்கே. முதல்ல அடிச்சது 10,000 பிரதி. நல்லவங்க நடத்துற கம்பெனிக்கு என்ன ஆகுமோ அது 1992ல ஆச்சு. திவால்.

ஒலிப்பதிவு 1979 ஏப்ரல்ல, ஸ்டாக்போர்ட்டுங்கற ஊர்ல ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவுல. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். இந்த மனுஷனைப் பத்திப் படிக்கப் படிக்க எனக்கு நம்ம கிளையன்ட் ஞாபகம்தான் வந்துச்சு. டிரம்ஸை ஒட்டுமொத்தமா வாசிக்க விடலை. ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியா வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்ணினார். ஒண்ணோட சத்தம் இன்னொண்ணு மேல சிந்தக் கூடாதாம். 'இன்னும் வேகமா, ஆனா மெதுவா' வாசிங்கற மாதிரி குறிப்பெல்லாம் கொடுப்பாராம். (படிச்சதும் எந்திரிச்சு நின்னு கை தட்டினேன். இதே ரிக்வயர்மென்ட் எனக்கும் வந்திருக்கு.) 'இன்சைட்' பாட்டோட தொடக்கத்துல வர்ற கடகட சத்தம் அந்தக் கட்டடத்தோட பழைய லிஃப்ட். கடைசிப் பாட்டுல நிஜமாவே கண்ணாடி உடையுது. 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்'ல தாளத்தோட 'ஸ்ஸ் ஸ்ஸ்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது ஸ்ப்ரே டப்பா. மூடின அறைக்குள்ள நின்னு அதை அடிச்ச மாரிஸுக்கு மூச்சு முட்டிப்போச்சாம்.

வேலை முடிஞ்சு கேட்டா குழுவுல ரெண்டு பேருக்கு ஆல்பம் பிடிக்கலை! மேடையில அவங்க வாசிச்சது காது கிழியற சத்தம், முரட்டுத்தனம். ஹானெட் அதையெல்லாம் வழிச்சு எடுத்துட்டு நடுவுல வெறும் இடத்தை விட்டு வெச்சிருந்தார். சம்னரும் ஹூக்கும் வெறுத்தே போயிட்டாங்க. ஹானெட் செஞ்சதுதான் சரின்னு ஹூக் ஒத்துக்க ரொம்ப வருஷம் ஆச்சு. அந்த வெத்து இடம்தான் இந்த ஆல்பமேன்னு எனக்குத் தோணும். நாலு பேரும் ஒரே ரூம்ல இருக்காங்க, ஆனா ஆளுக்கொரு மூலையில, ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்காத தூரத்துல.

இதுவரைக்கும் எழுதினது சுலபம். ஒவ்வொரு தடவையும் இங்க வந்துதான் அழிப்பேன்.

2022ல துரைப்பாக்கத்துல நாங்க மூணு பேர் ஒரு வீட்டுல இருந்தோம். அதுல ஒருத்தன் என் டீம். பேரு வேணாம், மாப்ளன்னே வெச்சுக்குவோம், அப்படித்தான் கூப்பிடுவேன். திண்டுக்கல் பக்கம். அமைதியான பையன், நல்லா சமைப்பான், கோட் அதைவிட நல்லா எழுதுவான். ஒரே குறை, ராத்திரி சப்போர்ட்னா நழுவுவான். ரோஸ்டர் போடுற புண்ணியவான் நான். "மச்சி, இந்த வாரம் நைட்ல இருந்து என்னை எடுத்துடேன்"னு வந்து நிப்பான். ஏன்டான்னா தலைவலிம்பான், அம்மா வர்றாங்கம்பான். ரெண்டு மூணு தடவை மாத்திக் கொடுத்தேன். அப்புறம் எனக்கும் எரிச்சல். ரூம்மேட்டுங்கறதால சலுகை காட்டுறான்னு மத்தவங்க முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஓபி அடிக்கறான்னே முடிவு பண்ணிட்டேன்.

அப்ப எனக்கு இந்த ஆல்பம் பித்து முத்தியிருந்த நேரம். ப்ளூடூத் ஸ்பீக்கர்ல தினமும் ஓடும். அதுலயும் 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' திரும்பத் திரும்ப. அந்த ஸ்ப்ரே சத்தத்துக்கு ஏத்த மாதிரி, யூடியூப்ல பாத்த இயன் கர்ட்டிஸ் மாதிரியே கையை வெட்டி வெட்டி ஆடிக் காட்டுவேன். இன்னொரு ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிப்பான். மாப்ள சிரிக்க மாட்டான், சமையக்கட்டுக்குப் போயிடுவான். ஒரு நாள் என் டி-ஷர்ட்டைப் பாத்துட்டு, "என் ரிப்போர்ட்டை எதுக்குடா நீ போட்டுட்டு அலையுற?"ன்னான். ஈசிஜி மாதிரி இருக்குன்னு கடி ஜோக் அடிக்கறான் போலன்னு நானும் ஈன்னு இளிச்சேன்.

ஆகஸ்ட்ல ஒரு ரிலீஸ். தொடர்ந்து ரெண்டு ராத்திரி அவனை உக்கார வெச்சேன். ரெண்டாம் நாள் காலையில நாலு மணி இருக்கும், வீட்டு ஹால்ல தொம்முனு சத்தம். ஓடி வந்து பாத்தா லேப்டாப் பக்கத்துல கிடக்கான், உடம்பு வெட்டி வெட்டி இழுக்குது, வாயோரம் நுரை. நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? ரெண்டு இன்ஜினியருங்க, பீரோ சாவிக்கொத்தைத் தேடினோம். கையில இரும்பு கொடுக்க. இன்னொருத்தன் பல்லுக்கு நடுவுல வெக்கன்னு ஸ்பூனோட வந்தான். நல்லவேளை, கீழ் வீட்டு அக்கா ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். சத்தம் கேட்டு வந்தவங்க எங்க ரெண்டு பேரையும் தள்ளிவிட்டுட்டு அவனை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாங்க, தலைக்கடியில துண்டை மடிச்சு வெச்சாங்க. "வாயில எதையும் திணிக்கக் கூடாது, பிடிச்சு அழுத்தக் கூடாது. மணியப் பாருங்க தம்பி, அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்"னாங்க. மூணு நிமிஷத்துல அடங்குச்சு. அந்த மூணு நிமிஷம் எவ்வளவு நீளம்னு எழுதத் தெரிஞ்சா நான் எழுத்தாளன் ஆயிருப்பேன்.

அன்னிக்கு சாயங்காலம் நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பத்தாவது படிக்கறப்ப இருந்தே இருக்காம். மாத்திரை ஒழுங்கா போட்டா, ராத்திரி ஒழுங்கா தூங்கினா வராது. தூக்கம் கெட்டாத்தான் ஆபத்து. ஷேவிங் பைக்குள்ள மாத்திரை அட்டையை ஒளிச்சு வெச்சிருந்திருக்கான், ஒரே வீட்டுல ரெண்டு வருஷம் இருந்த எனக்குத் தெரியலை. ஆபீஸ்ல தெரிஞ்சா கழட்டி விட்டுடுவாங்களோன்னு பயம். ஊர்ல தெரிஞ்சா பொண்ணு கிடைக்காதுங்கறது அவங்க அம்மாவோட பயம். அந்த பயத்தைச் சும்மா சொல்ல முடியாதுங்க. 1999 வரைக்கும் நம்ம இந்து திருமணச் சட்டத்துலயே, அடிக்கடி வலிப்பு வர்றவங்களைப் பைத்தியத்தோட சேத்து ஒரே வரியில எழுதி, கல்யாணத்துக்குத் தகுதியில்லைன்னு வெச்சிருந்தாங்க. அந்த வருஷம்தான் திருத்தம் கொண்டு வந்து வலிப்புங்கற வார்த்தைய எடுத்தாங்க. சட்டத்துல இருந்து எடுத்தாச்சு, தரகர் வாயில இருந்து எடுக்கணுமே.

டாக்டர் மேஜையில அவனோட ஈஈஜி தாளை விரிச்சு வெச்சிருந்தார். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கோடுகள். நடுவுல திடீர்னு மலை மலையா எழும்பி இறங்குது. நான் போட்டிருந்த சட்டை அதே கறுப்பு டி-ஷர்ட். மாப்ள தாளைப் பாத்தான், என்னைப் பாத்தான், ஒண்ணும் சொல்லலை.

திரும்பி வர்றப்ப ஆட்டோவுல கேட்டான். "அந்தப் பாட்டு என்னன்னு தெரிஞ்சுதான் போட்டியாடா?"

தெரியாது. நிஜமாவே தெரியாது. லிஃப்ட் சத்தம் தெரியும், ஸ்ப்ரே டப்பா தெரியும், எந்த மாசம் எந்த ஸ்டூடியோன்னு தெரியும். பாட்டு எதைப் பத்தின்னு ஒரு நாளும் காது கொடுத்துக் கேக்கலை. அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. வலிப்பு உள்ள எல்லாரும் ஒரு நாள் ராத்திரி நெட்ல உக்காந்து, 'இது இருந்தவங்க வேற யாரு'ன்னு தேடுவாங்களாம். அப்படித் தேடினப்பவே, காலேஜ்லயே, இயன் கர்ட்டிஸைப் பத்திப் படிச்சிருக்கான்.

கர்ட்டிஸ் மேக்கிள்ஸ்ஃபீல்ட்ங்கற ஊர்ல வேலைவாய்ப்பு அலுவலகத்துல வேலை பாத்தவர். உடல் குறைபாடு உள்ளவங்களுக்கு வேலை தேடித் தர்றது அவர் பொறுப்பு. அங்க வேலை கேட்டு வந்துட்டு இருந்த வலிப்பு நோய் உள்ள ஒரு பொண்ணைப் பத்தின பாட்டுதான் 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்'. அந்தப் பொண்ணு வலிப்புலயே செத்துப்போச்சு. 1978 டிசம்பர் கடைசியில, லண்டன்ல கச்சேரி முடிஞ்சு கார்ல திரும்பி வர்றப்ப கர்ட்டிஸுக்கே வலிப்பு வந்துச்சு. அடுத்த மாசம் நோய் உறுதியாச்சு. ஆல்பத்துக்காகப் பாடினப்ப வயசு 22, மாத்திரை போட்டுக்கிட்டேதான் பாடினார். பதிவு நடந்த அதே ஏப்ரல்ல அவருக்குப் பெண் குழந்தை பிறந்துச்சு. மேடையில அவர் ஆடின ஆட்டத்துக்கும் வலிப்புக்கும் வித்தியாசம் தெரியாம கூட்டம் கை தட்டியிருக்கு. ராத்திரி கச்சேரி, தூக்கம் கெட்ட பயணம், கண்ணை வெட்டுற விளக்கு. எதெல்லாம் ஆகாதோ அதுவே பிழைப்பு. 1980 மே 18, அமெரிக்கா கிளம்ப வேண்டியதுக்கு முதல் நாள், 23 வயசுல தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். அதுக்கு அப்புறம்தான் இந்த ஆல்பம் பிரிட்டன்ல விற்பனைப் பட்டியலுக்குள்ளயே நுழைஞ்சுது.

மத்த மூணு பேரும் நியூ ஆர்டர்னு பேரை மாத்திக்கிட்டுப் பெரிய ஆளா வந்தாங்க. பின்னாடி எத்தனையோ பேட்டியில சொல்லியிருக்காங்க, அவர் எழுதின வரிகளை அப்ப தாங்க சரியா கவனிக்கலைன்னு. அவர் வேற யாரைப் பத்தியோ எழுதறார்னு நினைச்சாங்களாம். முதல்ல படிச்சப்ப எனக்குக் கோபம் வந்துச்சு. பக்கத்துலயே நின்னு வாசிக்கற, வரி காதுல விழாதா? ஆட்டோவுல அன்னிக்கு அந்தக் கோபம் போயிடுச்சு. அவங்களாவது பக்கத்துல நின்னு பேஸும் கிட்டாரும் வாசிச்சுட்டு இருந்தாங்க. "நைட்ல இருந்து எடுத்துடு"ன்னு எங்கிட்ட நேரா தமிழ்ல கேட்டான். நான் எக்செல்ல அவன் பேருக்கு நேரா மஞ்சள் கலர் அடிச்சேன்.

மறுநாள் ரோஸ்டரை மாத்தினேன். டேமேஜர் ஏன்னு கேட்டப்ப மாப்ளகிட்ட கேட்டுட்டு, 'உடம்பு காரணம், டாக்டர் சொல்லியிருக்கார்'னு மட்டும் சொன்னேன். அவர் சரின்னுட்டார். அவ்வளவு சுலபமா முடிஞ்சதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. மாப்ள ஆறு மாசம் கழிச்சு கோயம்புத்தூர்ல வேற கம்பெனிக்குப் போனான். இன்டர்வியூவுலயே வலிப்பு இருக்குன்னு சொல்லிட்டுச் சேந்தானாம்.

நான் ரொம்ப நாள் அந்த ஆல்பம் பக்கமே போகலை. டி-ஷர்ட்டை வண்டி துடைக்கப் போடலாம்னு நினைச்சு, மனசு வராம அலமாரி அடியில சொருகிட்டேன்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காக சென்னை வந்தவன் எங்கிட்ட தங்கினான். சாப்பிட்டு முடிச்சதும், "அந்த ஸ்பீக்கர் இன்னும் இருக்கா? உன் மலைப் பாட்டைப் போடு, கேப்போம்"னான். வேணாம்டான்னேன். "போடுறா, நான் முழுசா கேட்டதே இல்லை. நீ ஆடுற கண்றாவிய பாக்க முடியாம எந்திரிச்சுப் போயிடுவேன்"னான். போட்டேன். முதல் பாட்டு 'டிஸார்டர்', அந்த பேஸ் ஆரம்பிச்சதும் தலையை லேசா ஆட்டினான். ரெண்டாவது பாட்டுக்கு "இது கொஞ்சம் இழுவைடா"ன்னான். ஆறாவதா அந்தப் பாட்டு வந்துச்சு. நான் அடுத்ததுக்குத் தாவப் போனேன், கையைப் பிடிச்சுக்கிட்டான். ஸ்ஸ் ஸ்ஸ். முழுசா ஓடி முடிஞ்சுது. "டிரம்ஸ் சூப்பர்டா"ன்னான்.

மணி பத்தரை ஆயிருந்துச்சு. மாத்திரையப் போட்டுக்கிட்டு, "தூங்கப் போறேன், மீதி நாலு காலையில"ன்னு பாயை விரிச்சுட்டான். ஸ்பீக்கரை நிறுத்திட்டு லைட்டை அணைச்சேன்.